வீடு குரோம்பேட்டையில், அறை கிண்டியில்

ஆகஸ்ட் 3, 2025 – கேள்வி (குரோம்பேட்டை வாசகி)

மகன் டிசம்பரில் டாலஸிலிருந்து குடும்பத்தோடு வருகிறான். எங்களுக்குச் சொந்த வீடு. மாடியில் இரண்டு அறைகள் இருக்கின்றன, ஏசியும் போட்டிருக்கிறோம். ஆனால் அவன் கிண்டிப் பக்கம் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஆறு இரவுக்கு அறை எடுத்துவிட்டான். “நீங்களும் வந்து தங்குங்கள், உங்களுக்கும் ஓர் அறை போட்டிருக்கிறேன்” என்கிறான். சொந்த ஊரில் ஓட்டலில் தங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரே ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். தண்ணீர், உடை, டிப்ஸ் எல்லாம் எப்படி? ஆட்டோவில் போய் இறங்கலாமா?

ஆகஸ்ட் 3, இரவு 11.40

ஆட்டோவில் தாராளமாக இறங்கலாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்வியில் இருக்கிற உண்மையான பயம் அதுதான் என்று தோன்றுகிறது.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நைட் ஆடிட்டராக இருந்தவன். இரவு பதினொன்றுக்குப் போய்க் காலை ஏழுக்கு வெளியே வருகிற வேலை. அறை வாடகை, சாப்பாட்டு பில், லாண்டரி, தொலைபேசி எல்லாவற்றையும் அந்தந்த அறைக் கணக்கில் ஏற்றி, இரண்டு மணி வாக்கில் அன்றைய நாளை மூடி அடுத்த நாளைத் திறக்க வேண்டும். ஊருக்குப் பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறும். ஓட்டலுக்கு நான் பொத்தானை அழுத்தினால்தான் மாறும். எந்த ஓட்டல் என்று கேட்காதீர்கள்.

2008 நவம்பரில் மும்பை ஓட்டல்களில் தாக்குதல் நடந்த பிறகு எல்லா இடத்திலும் வாசல் சோதனை வந்துவிட்டது. கார் என்றால் அடியில் கண்ணாடி விட்டுப் பார்ப்பார்கள், டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். ஆட்டோவில் திறக்க என்ன இருக்கிறது? சீக்கிரம் முடிந்துவிடும். சில இடங்களில் காவலர் ஆட்டோவை வெளி கேட்டிலேயே நிறுத்தப் பார்ப்பார். “அறை எடுத்திருக்கிறோம்” என்றால் போர்ட்டிகோ வரை விடுவார். கெஞ்சுகிற குரலில் மட்டும் சொல்லாதீர்கள்.

மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது. பொய். ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும் எனக்கு இரண்டு மணிக்கு முன் தூக்கம் வருவதில்லை.

ஆகஸ்ட் 4

தண்ணீர். அறைக்கு நாளொன்றுக்கு இரண்டு பாட்டில் சும்மா வைப்பார்கள், அதைக் குடியுங்கள். மினிபாருக்குள் (அறையில் இருக்கிற குட்டிக் குளிர்பெட்டி) இருக்கிற பாட்டிலுக்குக் காசு. ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள் இருந்தால், சும்மா தருவதன் கழுத்தில் ஒரு சீட்டு தொங்கும். பில் சண்டைகளில் பாதி இந்தச் சீட்டைப் பார்க்காததால் வந்தவை.

குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்கலாம், குளிக்கலாம். பெரிய ஓட்டல்கள் தண்ணீரைத் தாங்களே சுத்திகரிக்கின்றன. குளியலறைக் கழிவுநீரையும் சுத்திகரித்துத் தோட்டத்துக்கும் ஏசியின் குளிர்விப்புக் கோபுரத்துக்கும் விடுகின்றன. டாலஸ் பேரப்பிள்ளைகள் பாட்டில் தண்ணீரில் பல் தேய்த்தால் சிரிக்காதீர்கள். அவர்கள் அப்பா சொல்லிக்கொடுத்திருப்பார். அந்த அப்பா குரோம்பேட்டைத் தெருக்குழாயில் வாய்வைத்துக் குடித்து வளர்ந்தவர் என்பது வேறு விஷயம்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிக் கிடந்தபோது நான் இன்னும் வேலையில் இருந்தேன். அறைகளில் இருந்த குளியல் தொட்டி அடைப்பான்களை எல்லாம் கழற்றி ஒரு கோணிப்பையில் போட்டு ஸ்டோரில் வைத்தோம். தொட்டி நிரம்பாது, விருந்தினர் ஷவரோடு முடித்துக்கொள்வார் என்ற கணக்கு. லாரித் தண்ணீர் வவுச்சர்கள் என் மேஜைக்கு வரும். ஓர் இரவு எண்ணினேன், பதினேழு லாரிகள். காலையில் வீட்டுக்குப் போகும்போது எங்கள் தெருவில் பச்சை, ஊதா, சிவப்புக் குடங்கள் வரிசையாக நிற்கும். தண்ணீர் ஒரே இடத்திலிருந்து வந்ததா என்று யோசிக்காமல் நானும் என் குடத்தைக் கொண்டுபோய் வைப்பேன்.

ஆகஸ்ட் 4, மறுபடியும்

உடையை மறந்துவிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் வேட்டி கட்டிக்கொண்டே போகட்டும். 2014-இல் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அது சட்டமன்றம் வரை போய், பொது இடங்களில் வேட்டியைத் தடுக்கக் கூடாது என்று அதே ஆண்டில் சட்டம் வந்தது. ஓட்டல்களில் எனக்குத் தெரிந்து வேட்டிக்குத் தடை இருந்ததில்லை. ஹவாய்ச் செருப்புக்குத்தான் முகம் சுளிப்பார்கள், அதுவும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில்.

உங்களுக்குப் பருத்திப் புடவை போதும். பட்டு வேண்டாம், ஏசிக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். லாபியில் எலும்பு வரை குளிரும்.

ஆகஸ்ட் 9

அண்ணாநகர் வாசகர் ஒருவர், “அந்தக் காசுக்கு என்னதான் கிடைக்கிறது?” என்று கேட்டிருக்கிறார். காசிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரே மாடியில் அடுத்தடுத்த மூன்று அறைகள் ஒரே இரவில் மூன்று வாடகைக்குப் போயிருக்கும். ஒருவர் கம்பெனி ஒப்பந்த விலையில் வந்திருப்பார், ஒருவர் நான்கு மாதம் முன்பே இணையத்தில் எடுத்திருப்பார், மூன்றாமவர் இரவு பத்து மணிக்கு விமானத்தைத் தவறவிட்டு வந்து நின்றிருப்பார். மூன்றாமவர்தான் எங்களுக்குச் செல்லம்.

வரி: ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் 12 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அதோடு முடியவில்லை. அப்படி 7,500-க்கு மேல் அறை விற்கும் ஓட்டலின் உணவகத்தில் சாப்பாட்டுக்கும் 18. மயிலாப்பூரில் தனியாக இருக்கிற உணவகத்தில் இட்லிக்கு 5. மாவு ஒன்றுதான், உளுந்து ஒன்றுதான். மாடியில் படுக்கை இருக்கிறது என்பதற்காகக் கீழே இட்லிக்குப் பதின்மூன்று சதவீதம் கூடுதல்.

காலைச் சிற்றுண்டி வாடகையில் சேர்ந்ததா என்று மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகையைக் கேட்காதீர்கள். கேட்டால் அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

ஆகஸ்ட் 10

நேற்று அந்தக் கடைசி வரியை விளையாட்டாக எழுதினேன். காலையில் நீங்கள் போட்டிருந்த பதிலைப் படித்தேன்: “மாடியறைக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டிருந்தோம்.” அதற்குப் பிறகு எனக்குத்தான் காபி இறங்கவில்லை.

பிள்ளைகள் அறை எடுப்பதற்கான காரணம் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்காது, அம்மா. டாலஸுக்கும் நமக்கும் டிசம்பரில் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். குழந்தைகள் நடுநிசியில் விழித்துக்கொண்டு பசிக்கிறது என்று அழும். வீட்டில் விளக்கைப் போட்டால் தாத்தா எழுந்து வந்து “உடம்புக்கு என்ன?” என்பார், பாட்டி அடுப்பைப் பற்றவைப்பார், மருமகள் கூசிப்போவாள். ஓட்டலில் இரண்டு மணிக்கு எனக்குத் தொலைபேசி வரும்: “ஒரு தோசை கிடைக்குமா? சட்னி வேண்டாம், சர்க்கரை வையுங்கள்.” இரவுச் சமையலறையில் ஒரே ஆள் இருப்பார். அவரும் ஏன், யாருக்கு என்று கேட்க மாட்டார். மார்கழியில் இப்படிச் சர்க்கரை தோசைகளை எத்தனை பில்லில் ஏற்றியிருக்கிறேன்!

இதை எழுதிவிட்டு ஆறுதல் சொன்ன திருப்தியில் எழுந்திருக்கலாம்தான். ஆனால் உங்களுக்கு வலிக்கிற இடம் வேறு என்று தோன்றுகிறது. அறையை எடுத்தவன் வீட்டுக்காரன் ஆகிவிடுகிறான், பெற்றவர்கள் விருந்தாளி ஆகிவிடுகிறார்கள். “சாப்பிட்டீர்களா?” என்று அவன் உங்களைக் கேட்பான். அந்தக் கேள்வி உங்களுடையது.

2011 மார்கழி என்று நினைவு. காலை ஆறே முக்கால், என் ஷிப்ட் முடியப் போகிறது. வாசல் எக்ஸ்-ரே இயந்திரத்தின் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு கறுப்புக் கட்டங்கள், மேலே ஒரு வளைந்த கம்பி. ஓர் அம்மாள் கொண்டுவந்த எவர்சில்வர் கேரியர். உள்ளே என்ன என்று எக்ஸ்-ரேக்குத் தெரியவில்லை. காவலர் வடக்கத்திக்காரர், திறந்து காட்டச் சொல்லிச் சைகை செய்தார். அந்த அம்மாள் லாபிச் சலவைக்கல் தரையில் குந்தி உட்கார்ந்து, கம்பியை விலக்கி, ஒவ்வோர் அடுக்காக எடுத்து வைத்தார். வெண்பொங்கல், கத்தரிக்காய் கொத்சு, வடை, கடைசி அடுக்கில் தயிர்சாதம். எலுமிச்சைப்புல் வாசனை தெளித்து வைத்திருந்த லாபி முழுக்க மிளகும் நெய்யும். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஜப்பானியர் ஒருவர் தாளை இறக்கிப் பார்த்தார்.

வெளிச் சாப்பாடு கூடாது என்பது விதி. ட்யூட்டி மானேஜர் மேலே ஏதோ குழாய்க் கசிவைப் பார்க்கப் போயிருந்தார். அந்த நேரத்தில் அங்கே மூத்தவன் நான்தான். பெட்டிகளுக்குக் கட்டுகிற சீட்டு ஒன்றை எடுத்து, அறை எண் எழுதி, கேரியரின் கைப்பிடியில் கட்டி, “இது விருந்தினரின் உடைமை, மேலே அனுப்புங்கள்” என்று பெட்டி தூக்கும் பெல் பாயிடம் கொடுத்தேன். உடைமைக்கு விதி கிடையாது.

மறுநாள் இரவு வேலைக்கு வந்தால் கேரியர் பெல் டெஸ்கில் இருக்கிறது. தேய்த்துக் கழுவித் துடைத்திருந்தது. தூக்கினேன், உள்ளே ஏதோ உருண்டது. ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டு சாக்லேட், இரவு தலையணைமேல் வைக்கிற ரகம். ஹவுஸ்கீப்பிங்கில் இருந்த நாகர்கோவில் பையன் செய்த வேலை. “வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எங்கள் ஆச்சி சொல்வார்கள், சார்” என்றான். எட்டு சாக்லேட் ஸ்டோர் கணக்கில் இடித்தது. “உருகிப் பாழ்” என்று எழுதி மூடினேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் தெரிந்தே எழுதிய பொய்க்கணக்கு அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 10, சற்று நேரம் கழித்து

இரண்டு. இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 14

டிப்ஸ். ஐந்து பேருக்குப் பத்துப் பத்தாகக் கொடுப்பதைவிட, கிளம்புகிற நாளில் அறையைச் சுத்தம் செய்தவருக்குச் சேர்த்துக் கொடுங்கள். கதவைத் திறக்கிறவர், பெட்டி தூக்குகிறவர், பரிமாறுகிறவர் எல்லாருக்கும் ஏதாவது கிடைத்துவிடும். படுக்கை விரிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் வெளியே போனபோது வந்துவிட்டுப் போயிருப்பார். ஒடிசா, மணிப்பூர், மிசோரம் என்று எங்கிருந்தோ வந்த பிள்ளைகள். ஒரு தாளில் “நன்றி” என்று எழுதி அதன்மேல் பணத்தை வையுங்கள். தாள் இல்லாமல் கிடக்கிற பணத்தை, மறந்து விட்டதோ என்று பயந்து தொட மாட்டார்கள்.

உணவக பில்லில் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லலாம். தாமாகவே அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. தில்லி உயர் நீதிமன்றமும் இந்த ஆண்டு மார்ச்சில் அதை உறுதி செய்திருக்கிறது.

காபி. அறையில் கெட்டிலும் சின்னச் சின்னப் பொட்டலங்களில் உடனடிக் காபித்தூளும் பால்பவுடரும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். காலையில் சிற்றுண்டிக் கூடத்தில் ஃபில்டர் காபி என்று கேளுங்கள், டவராவிலேயே வரும். அறைக்கு வரவழைத்தால் 300 ரூபாய்க் காபி வரியோடு 354. அந்த ஐம்பத்து நான்கு ரூபாய் வரிக்கே வெளியே ஒரு நல்ல காபி குடித்துவிடலாம்.

ஆகஸ்ட் 22

இன்றைக்கு மெட்ராஸ் தினம். தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன்.

“ஓட்டலில் தங்குவதா? ஓட்டலில் சாப்பிடத்தானே போவோம்?” என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். உண்மைதான். நம் ஊரில் ஓட்டல் என்றால் இட்லி, வடை. தங்குவதற்கு லாட்ஜ். “போர்டிங் அண்ட் லாட்ஜிங்” என்று பலகை மாட்டியவர்கள் இரண்டையும் ஒரே கூரையில் சேர்த்தார்கள். திருவல்லிக்கேணியிலும் எழும்பூரிலும் லாட்ஜில் காலை ஐந்து மணிக்கு ரயிலிறங்கி வந்து அறை எடுத்தால் மறுநாள் காலை ஐந்து வரை உங்களுடையது, இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு. ஐந்து நட்சத்திரத்தில் மதியம் இரண்டுக்கோ மூன்றுக்கோ அறை கொடுத்து, மறுநாள் பன்னிரண்டுக்கு எழுப்பி விடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் லாட்ஜ்காரர்தான் தர்மவான்.

பழைய ஓட்டல் என்றால் அண்ணா சாலையை ஒட்டிய கன்னிமாராதான். 1854-இல் இம்பீரியல் என்ற பெயரில் தொடங்கிய இடம். பிறகு கவர்னர் கன்னிமாரா பிரபுவின் பெயர் வந்தது, எழும்பூர் நூலகத்துக்கும் அவர் பெயர்தான். இப்போது நாம் பார்க்கிற ஆர்ட் டெகோ முகம் 1937-இல் வந்தது. நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல் 1974. அடுத்த ஆண்டு கதீட்ரல் சாலையில் சோழா, சிகரெட்டுக்குப் பெயர்போன ஐ.டி.சி. திறந்த முதல் ஓட்டல் அது. அதே நிறுவனம் 2012-இல் கிண்டியில் 600 அறைகளோடு கிராண்ட் சோழாவைத் திறந்தபோது, “சோழாவுக்குப் போ” என்று ஏறியவர்களை எந்தச் சோழாவுக்குக் கொண்டுபோவது என்று கார் ஓட்டுநர்கள் தலையைச் சொறிந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கடல் கடந்தவர்களுக்குக் கதீட்ரல் சாலையிலிருந்து கிண்டி ஒன்றும் தூரமில்லை.

மூடியவையும் உண்டு. டி.டி.கே. சாலையில் அடையாறு பார்க் என்று நாங்கள் சொல்லிப் பழகிய ஓட்டல் 2023 டிசம்பரில் கதவைச் சாத்தியது. தென்னிந்தியச் சாப்பாட்டைப் பித்தளைப் பாத்திரத்தில் நட்சத்திர மேஜைக்குக் கொண்டுவந்த ‘தக்‌ஷிண்’ 1989-இல் அங்கேதான் தொடங்கியது. ஜெமினி ஸ்டூடியோ இருந்த மண்ணில் பார்க் ஓட்டல் நிற்கிறது. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-இல் போய், அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. காரில் உட்கார்ந்தபடியே கதவில் தட்டு மாட்டிக்கொண்டு பூரி சாப்பிட்ட நினைவு பூங்காவுக்குள் நடக்கும்போது வரத்தான் செய்கிறது. என்னிடம் கார் இருந்ததில்லை, நண்பருடைய கார்.

செப்டம்பர் 7

“இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஒரு நாளாவது விருந்தினராகத் தங்கியிருக்கிறீர்களா?” என்று அண்ணாநகர்க்காரர். தங்கியிருக்கிறேன், இரண்டு இரவுகள். காசு நான் கொடுக்கவில்லை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர், நாங்கள் முதல் மாடி. 4-ஆம் தேதி மின்சாரம் போனது, மோட்டார் ஓடவில்லை. தெருவெல்லாம் தண்ணீர், குழாயில் ஒரு சொட்டு இல்லை. பால் எங்கேயும் இல்லை. மெல்போர்னிலிருந்து மகள் எப்படியோ எங்களைப் பிடித்து, “அறை போட்டுவிட்டேன், கிளம்புங்கள்” என்றாள். மறுநாள் மழை விட்டதும் நனைந்த வேட்டியோடு பெரிய சாலை வரை நடந்து ஓர் ஆட்டோ பிடித்தோம்.

ஓட்டல் நெருங்கியதும் ஆட்டோக்காரரிடம் நான் சொன்னது இது: “இந்தச் சந்தில் திரும்பினால் பின் வாசல் வரும்.” அந்த ஓட்டலில் நான் வேலை பார்த்ததே இல்லை. ஆனால் எந்த ஓட்டலுக்கும் பின் வாசல் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். சாமான் இறக்குகிற மேடை, ஊழியர் வருகையைப் பதிகிற டைம் ஆபீஸ், பையைத் திறந்து காட்டுகிற மேஜை. நான் வேலை பார்த்த இடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளில் முன் வாசல் வழியாக உள்ளே போனதே இல்லை. மனைவி “முன்னாடியே போங்கள்” என்று ஆட்டோக்காரரிடம் சொன்னாள்.

போர்ட்டிகோவில் ஒரு பையன் ஓடிவந்து வெள்ளைத் துண்டு ஒன்றை நீட்டினான். நான் அதைத் துவைத்து மடிக்க எவ்வளவு ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அறையில் மினிபாரைத் திறந்து பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு முந்திரிப் பொட்டலம் குறைந்தது. உடனே கீழே சொல்லிவிட்டேன், நாளைக்கு என் தலையில் எழுதுவார்கள். குளியலறையில் ஷவர் மட்டும்தான். மனைவிக்கு வாளியில் வெந்நீர் பிடித்து மொண்டு ஊற்றினால்தான் குளித்த மாதிரி. நான் ஹவுஸ்கீப்பிங்கைக் கூப்பிட்டு வாளியும் குவளையும் கேட்டேன், ஐந்து நிமிடத்தில் வந்தது. (எல்லா ஓட்டலிலும் இருக்கும். வெளியே காட்ட மாட்டார்கள், கேட்டால் கொடுப்பார்கள். குரோம்பேட்டை அம்மா, குறித்துக்கொள்ளுங்கள்.)

இரவு தூக்கம் வரவில்லை. ஒன்றரை மணிக்குக் கீழே இறங்கிப் போனேன். ரிசப்ஷனில் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், கணக்கை மூடிக்கொண்டிருந்தாள். நானும் இதே வேலைதான் பார்த்தேன் என்றதும் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். இப்போதெல்லாம் மென்பொருளே மூடிவிடுகிறதாம், பத்து நிமிட வேலை. 3-ஆம் தேதி டூட்டிக்கு வந்தவள், இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. வீடு முடிச்சூரில். அம்மா மாடி வீட்டுக்காரர்களோடு இருக்கிறார், போன் போகவில்லை. அதைச் சொல்லிக்கொண்டே எனக்கு ஒரு காபி வரவழைத்தாள். ஊரில் பால் இல்லாத அன்று ஓட்டலில் பால் இருந்தது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு நானும் இப்படித்தான் வேலைக்குப் போனேன், 4-ஆம் தேதி மாலைதான் வீடு திரும்பினேன். விமான நிலையம் மூடிவிட்டது, சிக்கிக்கொண்ட பயணிகள் லாபி சோபாவில் எல்லாம் படுத்திருந்தார்கள். நான் லினன் அறையில் மேஜை விரிப்புகளை அடுக்கிப் படுத்தேன். அப்போது மனைவி தனியாக இருந்தாள். ஒரு வாரம் கழித்துத்தான் முழுக்கதையும் சொன்னாள்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேனா? இல்லை. காபி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அறைக் கணக்கில் அந்தக் காபியை அவள் ஏற்றவே இல்லை என்பதைக் கிளம்பும்போது பில்லில் பார்த்தேன்.

செப்டம்பர் 8

மனைவி இதைப் படித்துவிட்டாள். திருத்தங்கள்: வாளி கேட்டது நான் இல்லை, அவள். நான் “கேட்காதே, சிரிப்பார்கள்” என்று சொல்லிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றேனாம். இரண்டாவது, வெள்ளைத் துண்டால் நான் காலைத் துடைக்கவில்லை, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேனாம். அறைக்குப் போகிற வரைக்கும் தரையில் தண்ணீர் சொட்டியதாம்.

செப்டம்பர் 23

ஆகஸ்ட் 9-இல் எழுதிய வரிக்கணக்கு பழசாகிவிட்டது. நேற்றிலிருந்து 7,500 ரூபாய் வரையான அறைக்கு 5 சதவீதம்தான். அதற்கு மேல் 18, மாற்றமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் இன்னும் ஆழமாகியிருக்கிறது. வாடகை 7,500 என்றால் வரியோடு 7,875. வாடகையில் நூறு ரூபாய் கூடி 7,600 ஆனால் வரியோடு 8,968. நூறு ரூபாய் கூடியதற்கு நீங்கள் கொடுப்பது 1,093. இனி எத்தனை ஓட்டல்களில் வாடகை 7,499 என்று நிற்கப் போகிறது பாருங்கள். உங்கள் மகன் எடுத்த அறைக்கு இது உதவாது, அது கோட்டுக்கு அந்தப் பக்கம் வெகுதூரத்தில் இருக்கும்.

அக்டோபர் 19

தீபாவளிக்கு முதல் நாள், வெடிச் சத்தத்தில் சுருக்கமாக. மகன் அமெரிக்கக் குடிமகன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டலில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பிரதி எடுப்பார்கள், பயப்பட வேண்டாம். வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஓட்டல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு வாக்காளர் அட்டை போதும். முன்பணத்துக்கு டெபிட் அட்டையை நீட்டாதீர்கள். அவர்கள் நிறுத்தி வைக்கிற தொகை உங்கள் கணக்குக்குத் திரும்பி வர நாளாகும். மகனே கொடுக்கட்டும், இப்போது அவன்தானே வீட்டுக்காரன்.

ஆகஸ்டில் இதையே வருத்தமாக எழுதியிருந்தேன். இன்றைக்குச் சிரிப்பு வருகிறது.

டிசம்பர் 18

கேரியர் கொண்டுபோகலாமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். கொண்டுபோங்கள். மேலடுக்கில் குழம்பு வேண்டாம், எக்ஸ்-ரே பட்டையில் சாய்ந்து சிந்தும். குழம்பு அடியில், காய்ந்த பண்டம் மேலே. உணவகத்துக்குள் திறக்காதீர்கள், நேரே அறைக்கு. கேட்டால் உடைமை என்று சொல்லுங்கள்.

ஜனவரி 3, 2026

குரோம்பேட்டை அம்மாவின் நீண்ட பதிலைப் படித்தீர்களா? நான் இரண்டு முறை படித்தேன். அவர் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அவருடைய வீட்டுக்காரர் வேட்டியோடு போய், போர்ட்டிகோவில் ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்கு ஐந்து நிமிடம் பேரம் பேசி, அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக வாளி கேட்டாராம். இரண்டு வாளி அனுப்பினார்களாம். ஆறு நாளும் காலையில் வாஃபிள் என்ற பண்டத்தைத் தேனில் முக்கிச் சாப்பிட்டுவிட்டு, இட்லிப் பக்கமே திரும்பவில்லையாம். மாடியறைப் புது மெத்தையில் இப்போது அவரே படுக்கிறார், ஓட்டல் மெத்தை போல் இல்லை என்று குறை வேறு.

சோதனையில் கேரியரை யாரும் திறக்கச் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்கு வத்தக்குழம்பும் சாதமும் சாப்பிட்டார்கள். கேரியர் எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே திரும்பி வந்ததாகவும், அதை யாராவது கழுவியிருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்.

நாகர்கோவில் பையன் இப்போது துபாயில் இருக்கிறான்.